திரும்பிப் போன மூட்டை

மாணவர்களுக்கு உத்தியோகம் பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் எப்படி வந்து விழுந்தது என்பது இன்றுவரை எனக்குப் புரியாத விஷயம். நான் மதுரையில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார். அது முப்பதுகளின் பின்பாதி. பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றுகிற பிள்ளைகள் வருஷா வருஷம் பெருகிக்கொண்டே போனார்கள். கல்லூரியே ஏதாவது செய்யவேண்டும் என்று பிரின்ஸிபாலுக்குத் தோன்றிவிட்டது. ஒருநாள் வராந்தாவில் போய்க்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "இதுக்கு நீங்கதான் சரியான ஆள்" என்றார். ஏன் என்று கேட்டேன். அவருக்கும் காரணம் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரத்தில் வராந்தாவில் வேறு யாரும் இல்லை.

மாடிப்படிக்கு அடியில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பெரிய நோட்டுப் புத்தகம். நிமிர்ந்து நின்றால் தலை படியில் இடிக்கும். எனக்கு முன்னால் வேறொருவர் இந்த வேலையை அரைகுறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாணவனின் தகப்பனார் அவர் வீட்டில் ஒரு மூட்டை அரிசியை இறக்கிவிட்டுப் போக, அது ஊரெல்லாம் தெரிந்து, மனிதர் தலை காட்ட முடியாமல் போயிற்று. "யாரிடமிருந்தும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கக் கூடாது" என்பதுதான் பிரின்ஸிபால் எனக்குச் சொன்ன ஒரே விதி. மற்றதெல்லாம் நானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் உண்மை. வருகிற பையன்களெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "நான் என்ன வேலைக்குப் போகலாம் ஸார்?" எனக்கு எப்படித் தெரியும்? தாலுகா ஆபீஸில் இடம் கிடைக்காததால் வாத்தியார் ஆனவன் நான். மாணவர்களுக்காக ஒரு படிவம் தயார் செய்தேன். அதில் 'விரும்பும் உத்தியோகம்' என்று ஓர் இடம் விட்டிருந்தேன். முக்கால்வாசிப் பேர் அதில் 'தாங்கள் பார்த்துச் செய்வது' என்று எழுதினார்கள். ஒருவன் 'உட்கார்ந்து செய்யும் வேலை எதுவானாலும்' என்று எழுதியிருந்தான். நான் அந்தத் தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு, யாரை எங்கே அனுப்புவது என்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் வெளியே வரும்போது முகத்தைத் தெளிவாக வைத்துக்கொள்வேன்.

அந்தக் காலத்தில் நேராக வேலை கொடுக்கமாட்டார்கள். முதலில் உமேதுவாராகப் போய் உட்காரவேண்டும். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று சம்பளம் இல்லாமல் ஆபீஸில் வேலை பழகுவது. பிடித்துப்போனால் வேலையில் வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு. இப்படி ஒரு இடம் கிடைப்பதே பெரும்பாடு. ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, எங்கள் பையன் ஒருவனைப் பழக்கிக்கொள்ளுங்கள் என்று கேட்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது.

அப்படி அலைந்து பிடித்த இடம்தான் திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடிப் பக்கம் இருந்த அந்த நூற்பாலை. ஆபீஸுக்கு ஒரே ஒரு உமேதுவார் எடுத்துக்கொள்வதாகவும், ஆறு மாதத்தில் நிரந்தரம் ஆக்குவதாகவும் மானேஜர் எழுதியிருந்தார். அவர் ஒரு வெள்ளைக்காரர். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அசல் சர்டிபிகேட்டுகளோடு வரவேண்டும். ஒன்பது என்றால் ஒன்பது. நான் திருவாதவூர்க்காரப் பையன் ஒருவனைத் தேர்ந்தெடுத்தேன். விவசாயக் குடும்பம். அந்த வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவனே இவன்தான். அதிகம் பேசமாட்டான். நான் செய்த நியமனங்களிலேயே எனக்குச் சந்தேகம் இல்லாமல் செய்தது அது ஒன்றுதான்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் வந்த புதன்கிழமை, விடிந்தும் விடியாத வேளை. என் மனைவி தன் தம்பி கல்யாணத்துக்காகப் பசுமலையில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். மேலமாசி வீதி வீட்டில் நான் தனியாகப் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெரியவர் நின்றார். தலையில் ஒரு மூட்டை. திருவாதவூர்ப் பையனின் தகப்பனார் என்று சொல்லிக்கொண்டார். நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வருவதற்குள் உள்ளே வந்து, கூடத்து மூலையில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டார்.

"ஐயா வீட்டுல இருந்தாத்தான் நல்லது. பய காரியம் நல்லபடியா முடியணும். வாரேன்" என்றார். அவ்வளவுதான். மறு பேச்சு இல்லை. படியிறங்கி விறுவிறுவென்று நடந்தார்.

"எங்கே போறீர்? இதை எடுத்துக்கொண்டு போம்!" என்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் குரல் கேட்டதும் நடையை இன்னும் வேகமாக்கினார்.

எதிர்வீட்டு ஜன்னலில் ஆள் இருக்கிறதா என்று பார்த்தேன். மூட்டையைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல கனம். ஒரு பக்கம் உருண்டையாக இருந்தது. தேங்காய் என்று முடிவு செய்தேன். இன்னொரு பக்கம் மெத்தென்று இருந்தது. அது அரிசியாகத்தான் இருக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவிழ்த்துப் பார்க்கவில்லை. அவிழ்த்தால் வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. அந்தப் பையன்மேலும் கோபம் வந்தது. தகுதியைப் பார்த்து இடம் கொடுத்தால், அதற்கு விலை கொண்டு வந்து வைக்கிறார்களே என்று மனசு கொதித்தது.

இரண்டு நாள் அந்த மூட்டையோடு ஒரே வீட்டில் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை பொறுக்கமுடியவில்லை. கல்லூரிப் பியூனுக்கு மேலூரில் மாமனார் வீடு. அன்றைக்கு அங்கே போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனிடம் மூட்டையைக் கொடுத்தேன். "திருவாதவூரில் இந்தப் பையன் வீட்டில் கொடுத்துவிடு. ஸாருக்கு இதெல்லாம் பிடிக்காது, கோபமாக இருக்கிறார் என்று சொல்" என்றேன். அவன் போன பிறகு மனசு லேசாயிற்று. பிரின்ஸிபாலிடம் போய்ச் சொல்லி நல்ல பெயர் வாங்கலாமா என்றுகூட யோசித்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆலையிலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் சீட்டு கொண்டு வந்தான். 'உங்கள் மாணவன் வரவில்லை. பன்னிரண்டு மணிவரை பார்ப்பேன்; பிறகு வேறு கல்லூரிக்கு எழுதுவேன்.'

அரிசியை வாங்காததால் இடத்தையே வேண்டாம் என்கிறார்களா? இப்படியும் ஒரு ரோஷமா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது கோபப்படுவது என் சுபாவம். படிவங்களைப் புரட்டி, அடுத்த பெயர்க்காரனைக் கூப்பிட்டனுப்பினேன். தகப்பன் இல்லாத பிள்ளை, ஊருக்குள்ளேயே வீடு. அவன் சர்டிபிகேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போனான். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அங்கே போய்ச் சேர்ந்துவிட்டான். நோட்டுப் புத்தகத்தில் திருவாதவூர்ப் பையன் பெயருக்கு எதிரே 'தானாக விலகினான்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அன்று சாயங்காலம் என் மனைவி வந்து சேர்ந்தாள். கல்யாணக் கதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு, என் நேர்மையின் கதையைச் சொன்னேன். கொஞ்சம் ஜோடித்தே சொன்னேன். அவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

"என்னைக்கு வச்சுட்டுப் போனாரு?"

"புதன்கிழமை, விடிகாலையில்."

"பையன் என்னைக்குப் புறப்படணும்?"

"ஞாயிற்றுக்கிழமை. அப்போதுதானே திங்கள் காலையில் ஆலைக்குப் போகமுடியும்?"

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழமை மேக்க சூலங்க. அவங்க ஊர்ல இருந்து இங்க வாறது மேக்கதான? அதான் நல்ல நாள் பாத்து மூட்டைய முன்னாடியே அனுப்பி இருக்காக. அது லஞ்சம் இல்லங்க, பரஸ்தானம். நல்லா இருக்கு நீங்க பாத்த வேல!"

பரஸ்தானம் என்ற வார்த்தை எனக்குத் தெரியாதது அல்ல. போகவேண்டிய நாள் சரியில்லை என்றால், நல்ல நாளில் தன் சாமான்களை ஒரு மூட்டையாகக் கட்டி, வழியில் நம்பிக்கையான ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. மூட்டை கிளம்பினால் ஆளே கிளம்பின மாதிரி. பிறகு எந்த நாளில் வந்து எடுத்துக்கொண்டு போனாலும் குற்றமில்லை. ஆனால் காசிக்குப் போகிறவர்கள் செய்வது அது என்று நினைத்திருந்தேன். விளாங்குடிக்குப் போவதற்கு யாராவது பரஸ்தானம் வைப்பார்களா?

"அப்படியென்றால் மூட்டை திரும்பிப் போனால்?" என்று கேட்டேன்.

"பயணம் முறிஞ்சு போச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் பெத்தவக புள்ளைய அனுப்புவாகளா?" என்றாள். பிறகு, "அதுலதான் அந்தப் பையன் துணிமணி, சர்டிபிகேட்டு எல்லாம் இருந்திருக்கும்" என்று சேர்த்தாள். அந்த உருண்டை தேங்காய் இல்லை, செம்பு என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

மறுநாள் காலை ஆலைக்குப் போனேன். பரஸ்தானத்தை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று ஜட்காவில் வழிநெடுக யோசித்தும் பிடிபடவில்லை. மானேஜரிடம் எதையோ உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அதாவது, பையனின் மூட்டை ஐந்து நாள் முன்னதாகவே வேலைக்குக் கிளம்பிவிட்டது. அதைத் திருப்பி அனுப்பியது நீங்கள். சரிதானா?" என்றார். சரிதான் என்றேன். அந்த ஊரிலேயே அந்த விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றியது.

"எனக்கு வேண்டியது ஒருவன். நேற்று நீங்கள் அனுப்பியவன் உள்ளே இருக்கிறான். அவனை எழுப்பிவிட்டு இவனை உட்கார வைக்கவேண்டும் என்றால், அவனிடம் நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தகப்பன் இல்லாத அந்தப் பிள்ளை பஞ்சு மாதிரிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டான். விரலெல்லாம் பசை. நான் கும்பிட்டுவிட்டு, "அவனே இருக்கட்டும்" என்று மானேஜரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது நியாயமா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. ஒருவனுக்கு நியாயம் செய்தால் இன்னொருவனுக்கு அநியாயம் ஆகிறது. கணக்கில் இப்படி வந்தால் எங்கேயோ தப்புப் போட்டிருக்கிறோம் என்று அழித்துவிட்டு மறுபடியும் போடலாம்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு மேலூர் பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து ஒரு மாட்டுவண்டிக்காரர் திருவாதவூர் வரை ஏற்றிக்கொண்டார். என்னென்ன திட்டு கிடைக்கும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பெரியவர் வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயா, மன்னிச்சுப்புடணும். எம்பய காலேஜுல என்ன தப்புப் பண்ணினான்னு தெரியல. எம்புட்டோ கேட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் பண்ணலன்னே சாதிக்கிறான். தப்பு இல்லாமலா ஐயா மூட்டையத் திருப்பி விடுவாக?" என்றார்.

வரப்பில் நின்றபடியே சொன்னேன். தப்பெல்லாம் என்னுடையது, அரிசி என்று நினைத்தேன், பரஸ்தானம் என்று தெரியவில்லை, உங்கள் பிள்ளைமேல் ஒரு குறையும் கிடையாது. எல்லாவற்றையும் சொன்னேன். இடம் வேறொருவனுக்குப் போய்விட்டதையும் சொன்னேன். அந்தக் கடைசி விஷயத்தை அவர் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை.

"அப்ப அவன் எதுவும் தப்புப் பண்ணலையா?" என்றார்.

"இல்லை."

"சத்தியமாவா?"

"சத்தியமாக."

பையன் கொஞ்ச தூரத்தில் மடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். வெள்ளிக்கிழமையிலிருந்து தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளவில்லை என்று பிறகு தெரிந்தது. பெரியவர் அவன் பக்கம் திரும்பினார். என்னவோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "சாப்டியாப்பா?" என்றார். அவன் தலையை ஆட்டினான். குனிந்து மடையில் மண்ணைத் தள்ளத் தொடங்கினான். அவன் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. வேலை போனதற்காக அவன் அழவில்லை என்பது மட்டும் புரிந்தது.

கிளம்பும்போது பெரியவர் என்னை ஊர் எல்லை தாண்டி, அவருடைய மச்சினர் தோட்டத்துக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே பரண்மேல் அந்த மூட்டை இருந்தது. நான் கொடுத்தனுப்பியபோது இருந்த முடிச்சு அப்படியே இருந்தது.

"பியூன் தம்பி தூக்கிட்டு வாறதப் பாத்துப்புட்டேன் ஐயா. ஓடிப்போய் அங்ஙனயே நில்லுன்னு சொல்லி இங்க கொண்டாந்து வச்சுட்டேன். இன்னும் ஊருக்குள்ள வரல. வீட்டுப் படியேறல" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "இனிமே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிரலாமா ஐயா? இல்ல, இங்கனயே கெடக்கட்டுமா? நீங்க சொன்னாச் சரி."

எத்தனையோ பையன்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறேன். ரெவின்யூவுக்குப் போ, ரயில்வேக்கு எழுது, டைப் கற்றுக்கொள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறேன். யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எடுத்துப் போங்கள் என்றால் அவன் பயணம் அங்கேயே முடிந்தது. கிடக்கட்டும் என்றால் எதை நம்பி? எனக்குச் சூலத்திலும் ராகுகாலத்திலும் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் என் நம்பிக்கையை யார் கேட்டார்கள்? "என்னிடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் இருக்கட்டும்" என்றேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் மேலே போடச் சொன்னபோது கொடுக்கவில்லை.

அது ஆவணி மாதம். மூட்டை எங்கள் கூடத்து மூலையில், முதலில் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது. நான் மறுபடியும் ஆபீஸ் ஆபீஸாக ஏறினேன். இல்லை என்ற பதிலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற நாட்களில் அந்த மூலையைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவேன். ஒரு ஆபீஸில் அசல் சர்டிபிகேட் எங்கே என்று கேட்டார்கள். பயணத்தில் இருக்கிறது என்று சொல்லி முழித்தேன். பரஸ்தானம் எத்தனை நாளைக்குச் செல்லும் என்று தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். ஒருவர் மூன்று நாள் என்றார், ஒருவர் ஏழு என்றார், ஒருவர் அது போகிற ஊரைப் பொறுத்தது என்றார். என் மனைவி மட்டும், "வீட்டுக்குத் திரும்பாத வரைக்கும் செல்லும். போய் வேலையப் பாருங்க" என்றாள். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. நோட்டுப் புத்தகத்தில் 'தானாக விலகினான்' என்பதை அடித்துவிட்டு வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல், இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன்.

தை மாதம் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் ஓர் உமேதுவார் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பையன் முதல் பஸ்ஸில் கிளம்பி ஏழு மணிக்குள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. பஸ் வழியில் நின்றுவிட்டது. அவன் மூச்சு வாங்க வந்து படியேறும்போது மணி எட்டைத் தாண்டிவிட்டது. கூடவே அவன் தகப்பனாரும் வந்திருந்தார்.

பையன் மூட்டையை எடுக்கக் குனிந்தான். பெரியவர் சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். எனக்கே அது மனப்பாடமாகி இருந்தது. ஒன்பது வரை இருந்தால் இந்த இடமும் போய்விடும். அவர் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார்.

யாருக்கும் யோசனை சொல்லத் தெரியாதவன்தான் நான். அன்றைக்கு மட்டும் யோசிக்கவே இல்லை. மூட்டையைத் தூக்கிப் பையன் கையில் கொடுத்தேன்.

"ராகுகாலம் இன்றைக்குப் புறப்படுகிறவனுக்குத்தான் ஐயா. உங்கள் பையன் ஆவணியிலேயே புறப்பட்டாயிற்று" என்றேன்.

பெரியவர் மகனின் கையை விட்டுவிட்டார். பையன் படியிறங்கி ஸ்டேஷன் பக்கம் நடந்தான். எங்கே போகிறாய் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவனும் திரும்பிப் பார்க்கவில்லை.